டிசம்பரில் நட்ட செடியை வைத்து எங்கள் சாமந்தியைத் தள்ளாதீர்கள்

புதிய பூ ரகங்களைச் சோதித்துப் பார்த்துப் பரிந்துரை செய்யும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

நான் உருவாக்கிய சாமந்தி ரகத்தைப் பற்றி ஒரு பரிசோதனைப் பண்ணையிலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் இரண்டே வரிகள். ஒப்பிட்டுப் பார்த்த ரகத்தைவிடச் செடி உயரமும் பூ எண்ணிக்கையும் குறைவு; ஆகவே பரிசோதனை இத்துடன் முடித்துக்கொள்ளப்படுகிறது. அதை மறுபடி பார்க்கச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். இந்த ஜனவரியில் பதில் வந்தது: மறுபரிசீலனைக்கு இடமில்லை.

உயரம் குறைவு என்பது உண்மைதான். பூ குறைவு என்பதும் உண்மைதான். ஏன் குறைந்தது என்பது மட்டும் அந்தக் கடிதத்தில் இல்லை. என் நாற்றை நட்டது டிசம்பர் கடைசியில். பக்கத்தில் ஒப்பீட்டுக்கு வைத்த ரகத்தை நட்டது ஜூலையில். ராயக்கோட்டையிலோ காவேரிப்பட்டணத்திலோ சாமந்தி போடும் யாரிடம் வேண்டுமானாலும் இந்த இரண்டு தேதிகளை மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.

அந்தப் பண்ணையின் பெயரையோ அங்கிருந்தவர்களின் பெயரையோ நான் எழுதவில்லை. ஒருவரை இடம் மாற்றினால் தீரும் விஷயம் இல்லை இது. நாளைக்கு இன்னொரு விவசாயி ஒரு மல்லியையோ கனகாம்பரத்தையோ கையில் எடுத்துக்கொண்டு உங்களிடம் வரும்போது இதே மாதிரி நடக்கக் கூடாது. அதற்காகத்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜா நர்சரியில் பதினொரு வருடம் கண் ஒட்டும் வேலை செய்தேன். காட்டு ரோஜாத் தண்டில் டி எழுத்து மாதிரி கீறி, பட்டையைத் தூக்கி, கண்ணைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு கண் ஒட்டிய கை இது. என் கையில் வந்து போன ரோஜாக்களில் அநேகமாக எல்லாமே வெளிநாட்டில் பிறந்தவை. நாம் நிலம் கொடுக்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம், முதுகொடிய வேலை செய்கிறோம். ரகம் மட்டும் வேறு தேசத்தது, அதற்கு உரிமைத் தொகை வேறு. காதலர் தினத்துக்கு ஓசூரிலிருந்து பெட்டி பெட்டியாக ரோஜா விமானம் ஏறுவதைப் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் ஒவ்வொரு கண்ணாக ஒட்டும்போதும் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது: இதை முதன்முதலில் உருவாக்கியவர் யார், எப்படி உருவாக்கினார்?

அப்புறம்தான் கொடைக்கானலில் இருக்கும் எம்.எஸ். வீரராகவன், கிரிஜா தம்பதியைப் பற்றி ஒரு மேற்பார்வையாளர் சொன்னார். வீரராகவன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். குளிர் தேசத்து ரோஜா நம் வெயிலில் சுணங்கும் என்பதற்காக, நம் வடகிழக்கு மலைகளில் வளரும் ரோசா ஜைஜான்டியா, வெயிலும் தண்ணீரும் தாங்கும் ரோசா கிளைனோஃபில்லா ஆகிய காட்டு இனங்களைக் கலந்து புதிய ரோஜாக்களை உருவாக்கியவர்கள் அவர்கள். அதில் ஒன்றுக்கு 2018இல் இ.கே. ஜானகி அம்மாள் என்று பெயர் வைத்தார்கள். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்து, செடிகளின் குரோமோசோம் கணக்கை உலகத்துக்கே எழுதிக் கொடுத்த அந்த அம்மாளின் பெயர். ஆராய்ச்சிக்கூடம் இல்லாதவரும் ஒரு பூவைப் பிறப்பிக்கலாம் என்ற தைரியம் எனக்கு அவர்களால் வந்தது.

2015 ஐப்பசி, கார்த்திகை மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நர்சரி வேலையை விட்டுவிட்டு, ராயக்கோட்டைப் பக்கம் அறுபது சென்ட் குத்தகைக்கு எடுத்து மஞ்சள் சாமந்தி போட்டிருந்தேன். இதழ் நெருக்கமாக அடுக்கிய பெரிய பூ. மழை நீர் இதழுக்கு நடுவில் இறங்கினால் வெளியே வராது. இரண்டு நாளில் நடுப்பகுதி பழுப்பாகி, மூன்றாம் நாள் கையில் எடுத்தால் குழைந்தது. பறித்த கூலி கூட வரவில்லை. அதே மழையில் என் மாமியார் வீட்டுக் கிணற்றடியில், உடைந்த குடத்தில் ஒரு பழைய சாமந்தி நின்றது. பூ சின்னது, நிறம் வெளிறிய சந்தனம், நடுவில் மஞ்சள் பொட்டு தெரியும். யாரும் சந்தையில் வாங்க மாட்டார்கள். ஆனால் ஒரு பூ கூட அழுகவில்லை. குனிந்து பார்த்தேன். இதழ் ஒவ்வொன்றும் கொஞ்சம் வளைந்து கீழ்நோக்கி இருந்தது. தண்ணீர் விழுந்தவுடன் சொட்டிப் போய்விடுகிறது.

அந்த டிசம்பரில் கலப்பு செய்தேன். விஞ்ஞானிகளான உங்களுக்கு இது தெரிந்த விஷயம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாமந்தியில் நாம் இதழ் என்று சொல்வது ஒவ்வொன்றும் தனித் தனிப் பூ. வெளியே நாக்கு மாதிரி இருப்பது பெண் பூ, நடுப் பொட்டில் இருப்பவற்றில்தான் மகரந்தம். அடுக்குச் சாமந்தியில் நடுப்பொட்டு மூடிக் கிடக்கும். அதனால் நகம் வெட்டும் சின்னக் கத்தரியால் நாக்கிதழ்களை அடிவரை நறுக்கினேன். நறுக்கிய பிறகு பார்த்தால் அடியில் ஊசி முனை அளவில் இரண்டாகப் பிரிந்த சூல்முடி நிற்கும். காலை ஒன்பது மணிக்கு மேல், பனி ஈரம் காய்ந்த பிறகு, கிணற்றடிப் பூவின் பொட்டில் ஓவியத் தூரிகையைத் தொட்டு இதன் மேல் தடவ வேண்டும். பிறகு பட்டர் பேப்பர் பையைக் கவிழ்த்து நூலால் கட்டி, தேதியைப் பென்சிலில் எழுத வேண்டும், பேனா மை பனியில் அழிந்துவிடும். தன் மகரந்தத்தைச் சாமந்தி ஏற்றுக்கொள்ளாது. வேறு செடியுடையது வேண்டும். இப்படிப் பதினான்கு பூ.

விதை எறும்பு முட்டையைவிடச் சின்னது. முளைத்தது 212 நாற்று. 2016 கார்த்திகையில் அவை பூத்தபோது நானும் என் மனைவியும் பாத்தி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். ஒரே அம்மா, ஒரே அப்பா, ஆனால் ஒன்றைப் போல ஒன்று இல்லை. வெள்ளை, துருச் சிவப்பு, அழுக்கு ஊதா, ஒற்றை இதழ், கொத்து இதழ். சாமந்திக்கு 54 குரோமோசோம், ஆறு தொகுதி. அதனால் பிள்ளைகள் எப்படி வேண்டுமானாலும் வரும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த 212இல் ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கினோம். அந்த ஒன்பதிலிருந்து கட்டிங் எடுத்து 2017இல் பார் ஓட்டி நட்டதில் மூன்றுக்கு இலைப்புள்ளி வந்தது. ஒன்றில் இலைப்பேன் அடங்கவே இல்லை. இன்னொன்று அழகான பூ, ஆனால் காம்பு ஒடியும். 2019 முடியும்போது மிஞ்சியது ஒன்றே ஒன்று. வெளிர் மஞ்சள், இதழின் பின்புறத்தில் மயிரிழை மாதிரி ஒரு செம்மண் நிறக் கோடு, நுனியில் சின்னப் பிளவு. வீட்டில் அதைப் பனிமஞ்சள் என்று கூப்பிடுகிறோம்.

அதைத் தேர்ந்தெடுத்தது நான் மட்டும் இல்லை. பாதித் தேர்வு என் மனைவியுடையது. அவள் சிறு வயது முதல் பூ கட்டுகிறவள். ஒவ்வொரு ரகத்திலும் ஒரு முழம் கட்டிப் பார்த்து, முழத்துக்கு எத்தனை பூ பிடிக்கிறது, முடிச்சு இறுகும்போது இதழ் உதிர்கிறதா, மறுநாள் காலையில் சரம் எப்படி இருக்கிறது என்று சொல்வாள். நோட்டில் எழுதச் சொன்னால் எழுத மாட்டாள், ஆனால் எந்தப் பாரில் எந்த ரகம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அப்புறம் சாக்குச் சோதனை. 2021இல் செடி பெருகியதும், பத்து கிலோ பூவைச் சாக்கில் கட்டி, பெங்களூருக்குப் போகும் தக்காளி வண்டியில் மற்ற மூட்டைகளுக்கு அடியில் வைத்து அனுப்பி, அதே வண்டியில் திரும்ப வரவழைத்துப் பிரித்துப் பார்த்தோம். மஞ்சள் அடுக்கு நசுங்கி ஈரம் விட்டிருந்தது. பனிமஞ்சளை உதறிவிட்டு அன்று சாயங்காலமே சரமாகக் கட்டினாள்.

இடையில் 2020 ஊரடங்கில் கல்யாணமும் இல்லை, கோயிலும் இல்லை. பூவை வாங்க ஆள் இல்லாமல் நிறையப் பேர் செடியோடு ஏர் ஓட்டிவிட்டார்கள். நானும் மற்றதையெல்லாம் ஓட்டினேன். அந்த ஒரு பாத்தியை மட்டும் குடத்துத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினோம்.

இத்தனைக்குப் பிறகு, 2022 ஜூன் மாதம், வேர் பிடித்த அறுபது நாற்றுகளை ட்ரேயில் வைத்துப் பேருந்தில் மடியில் சுமந்துகொண்டு பரிசோதனைப் பண்ணைக்குப் போனேன். நல்ல பட்டம் அது. நட்டு, நான்காம் வாரத்தில் நுனி கிள்ளி விட்டிருந்தால் கார்த்திகையில் குடை மாதிரி நின்றிருக்கும். வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டேன். இதற்கெல்லாம் ரசீது கிடையாது, பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். ஆகஸ்டில் போனபோது நாற்று அதே ட்ரேயில் நிழல்வலைக்குக் கீழே இருந்தது. வேர் ட்ரேயின் ஓட்டை வழியாக வெளியே வந்து சுருண்டிருந்தது. அக்டோபரில் போனேன், இருபதுக்கு மேல் காய்ந்துவிட்டது. ஆள் இல்லை என்றார்கள். ஆள் பற்றாக்குறை எனக்குத் தெரியாதது இல்லை, பூ பறிக்க எனக்கே ஆள் கிடைப்பதில்லை. நானே வந்து நட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். வெளியாட்கள் பரிசோதனை நிலத்தில் இறங்கக் கூடாது என்றார்கள்.

சாமந்தி இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. நம் பக்கம் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அந்த ஒன்றரை மணி நேரம் செடிக்குப் போதும். பகல் நீண்டிருக்கும் மாதங்களில் அது கிளை விட்டு, உடம்பு வளர்க்கும். இரவு நீண்டதும் மொட்டு வைக்கும். இதனால்தான் பட்டம் தள்ளிப் பூ வேண்டும் என்கிறவர்கள் தோட்டத்தில் பல்பு கட்டி, நடு இரவில் சில மணி நேரம் எரியவிட்டு, செடியை ஏமாற்றி வளர்க்கிறார்கள். ராத்திரி ஓசூர்ப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் வயலுக்கு நடுவில் விளக்கு வரிசை வரிசையாக எரிவதைப் பார்த்திருப்பார்கள். டிசம்பர் கடைசியில், பல்பும் இல்லாமல், விரல் நீள நாற்றை நட்டால் என்ன ஆகும்? நட்ட இடத்திலேயே மொட்டு வைக்கும். உடம்பு வளர நேரமே இல்லை. பிப்ரவரியில் நான் போய்ப் பார்த்தபோது என் செடி கணுக்கால் உயரம், தலைக்கு இரண்டு மூன்று பூ. நான்கு பார் தள்ளி, ஜூலையில் நட்ட ஒப்பீட்டு ரகம் முழங்காலைத் தாண்டி, பூத்து முடிந்து நின்றது. இரண்டு பாத்திக்கும் முன்னால் நட்ட தேதி எழுதிய பலகை இருந்தது. வேலிக்கு வெளியே நின்று போட்டோ எடுத்தேன். இரண்டு பலகையும் தேதியோடு அதில் தெளிவாகத் தெரிகிறது. யார் கேட்டாலும் தருகிறேன்.

இந்த இரண்டு செடிகளின் உயரத்தைத்தான் பக்கத்தில் பக்கத்தில் அளந்து, குறைவு என்று எழுதினார்கள். கடிதம் வந்தது 2024 ஏப்ரலில். மழையில் அழுகுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் பூத்ததே மழை முடிந்த பிறகு. நான் அந்தச் செடியை உருவாக்கியதே மழைக்காக.

இன்னொரு இழப்பைச் சொல்ல வேண்டும், இது உங்கள் கடிதங்களில் ஒருபோதும் வராது. 2001ஆம் வருடத்து பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, புதிய ரகத்தை உருவாக்கிய விவசாயிக்கு மற்ற ரக உருவாக்குநர்களைப் போலவே பதிவும் பாதுகாப்பும் உண்டு என்கிறது. 44ஆம் பிரிவின்படி விவசாயி கட்டணம் கட்ட வேண்டியதில்லை. சாமந்தி பதிவு செய்யக்கூடிய பயிர்களில் ஒன்று. பதிவு கிடைத்தால் 15 வருடம் வரை உரிமை. ஆனால் புதுமை என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே, உருவாக்கியவர் சம்மதத்தோடு, நாற்றோ அறுவடை செய்த பூவோ நாட்டுக்குள் விற்கப்பட்டிருந்தால் அது புதிய ரகம் ஆகாது. பூவும் சேர்த்துத்தான். வருடாவருடம் பூ விற்றுச் சாப்பிடுகிற குடும்பத்துக்கு இது என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

பண்ணையில் என்னிடம் சொன்னது: முதலில் எங்கள் முடிவு வரட்டும், அப்புறம் விண்ணப்பம் போடலாம், அதுவரை விற்காதே. நம்பினேன். 2022இலும் 2023இலும் பூத்த பனிமஞ்சள் முழுவதையும் ஊர் மாரியம்மன் கோயிலுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தோம். ஆயுத பூஜை சமயத்தில் பூ நல்ல விலைக்குப் போகும்போது, என் மனைவி கூடை நிறையப் பூவை எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் போகாமல் கோயில் பக்கம் போனாள். பிறகுதான் தெரிந்தது, ரகப் பதிவும் மாநில அளவில் ரகம் பரிந்துரைக்கும் சோதனையும் வேறு வேறு. பதிவுக்கு வேண்டிய தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை ஆகிய மூன்றையும் பதிவு செய்யும் ஆணையமே தனியாகச் சோதிக்கும். உங்கள் முடிவுக்காக நான் காத்திருந்திருக்கவே வேண்டியதில்லை. இரண்டு வருடத்தில் ஒருவர் கூட இதை எனக்குச் சொல்லவில்லை.

சென்ற கார்த்திகையில், மண்டியில் வேறு ஒருவர் சாக்கைக் கொட்டினார். வெளிர் மஞ்சள். ஒரு பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் செம்மண் கோடு, நுனியில் பிளவு. பெங்களூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், இந்தச் சேவந்திகே (கன்னடத்தில் சாமந்தி) மழைக்குத் தாங்குகிறது என்று விலை ஏற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். கொண்டு வந்தவரிடம் நாற்று எங்கே வாங்கினீர்கள் அண்ணா என்று கேட்டேன். ஒரு நர்சரியில், நாற்று மூன்று ரூபாய், வேறு ஏதோ பெயர். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் காசு கொடுத்து வாங்கி, உழைத்து வளர்த்திருக்கிறார். மழை தாங்கும் சாமந்தி நாலு பேருக்குப் பயன்பட வேண்டும் என்றுதான் நானும் பாடுபட்டேன். செடி எப்படி வெளியே போனது என்று நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. என் தோட்டத்துக்கு வெளியே அந்தச் செடி இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். என் சம்மதம் இல்லாமல் நடந்த விற்பனை என் உரிமையைக் கெடுக்காது என்றுதான் சட்டத்தைப் படித்தால் புரிகிறது. ஆனால் இந்த ரகம் 2022 ஜூனிலேயே என் கையில் இருந்தது, நான்தான் கொடுத்தேன் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு என்னிடம் இல்லை. நான் கேட்டபோது நீங்கள் தராத சீட்டு அது.

நிலையங்களே வேண்டாம், விஞ்ஞானிகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று தர்மபுரி, கிருஷ்ணகிரி வயல்களில் இருக்கும் பிரஜ்வல் சம்பங்கி, பெங்களூரை ஒட்டிய ஹெசரகட்டா நிலையத்தில் ஷ்ருங்கார், மெக்சிகன் சிங்கிள் என்ற இரண்டு சம்பங்கி ரகங்களைக் கலந்து எடுத்தது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த கோ 1, கோ 2 சாமந்திகளை என் அப்பா காலத்திலிருந்து கேள்விப்பட்டிருக்கிறேன். பையூர் என்ற நம் மாவட்டத்து ஊரின் பெயரோடு ராகி ரகமும் கொள்ளு ரகமும் வந்தன, இன்னும் விதைக்கிறோம். தளியில் இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் கொய்மலர்களுக்கு ஒரு மையமே இருக்கிறது. (நான் நாற்று கொடுத்த பண்ணை இவற்றில் எதுவும் இல்லை, தவறாக நினைத்துவிட வேண்டாம்.) பசுமைக்குடில் ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் இவ்வளவு செய்ய முடிகிற நாட்டில், திறந்த வெளியில், மழையில் நனைந்து, சாக்கில் நசுங்கி, முழம் போட்டு விற்கிற உதிரிப் பூவுக்கும் ஒரு பாத்தி ஒதுக்க முடியும். டெல்லி கனகாம்பரம் என்ற ரகம் விதையே வைக்காது, மூன்று தொகுதி குரோமோசோம் உள்ள மும்மடிச் செடி. யாரோ ஒருவர் அதைக் கவனித்துக் கட்டிங் எடுத்து வைத்ததால்தான் இன்றைக்கு நம் தோட்டத்தில் இருக்கிறது. கவனித்தவர் விட்டிருந்தால் அந்த ஒரு செடியோடு போயிருக்கும். பனிமஞ்சளும் அப்படித்தான். விதை போட்டால் அது அதுவாக வராது.

சரி, நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், 2024 ஏப்ரல் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். என் ரகம் தோற்றது என்று ஒரு அரசாங்கத் தாளில் இருக்கிறது. அது உண்மை இல்லை, சோதனையே நடக்கவில்லை என்பதுதான் உண்மை. நட்ட தேதி இரண்டையும் குறிப்பிட்டுத் திருத்தம் எழுதித் தாருங்கள். என் பெயரில் பதிவேட்டில் எழுதியதாகச் சொன்னீர்களே, 2022 ஜூன் மாதத்து அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலும் வேண்டும். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது என்னிடம் இருக்கப்போகும் ஒரே ஆதாரம் அதுதான்.

இரண்டாவது, மறுசோதனை. ஒப்பீட்டு ரகத்தோடு ஒரே நாளில், ஜூனிலோ ஜூலையிலோ, ஒரே இடைவெளியில் நட வேண்டும். உயரமும் எண்ணிக்கையும் மட்டும் அளந்தால் போதாது. மூன்று நாள் மழைக்குப் பிறகு நூறு பூவில் எத்தனை அழுகியது, சாக்கில் கட்டி ஒரு இரவு வைத்தால் எடை எவ்வளவு குறைகிறது, சரம் கட்டினால் மறுநாள் எப்படி இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். இதை மதிப்பிடப் பூ கட்டுகிற பெண்கள் இரண்டு பேரையும் மண்டிக்காரர் ஒருவரையும் கூப்பிடுங்கள். அவர்கள் ஒரு பூவைக் கையில் எடுத்ததும் சொல்வதை எந்த அளவுகோலும் சொல்லாது.

செடியைக் கொடுக்கிற எந்த விவசாயிக்கும் அன்றே ரசீது தர வேண்டும். தேதி, எண்ணிக்கை, பூவின் அடையாளம், ஒரு போட்டோ, இரண்டு பக்கக் கையெழுத்து. சோதனை முடிந்தால் மிச்சச் செடி கொடுத்தவரிடமே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அவர் கண் முன்னால் அழிக்கப்பட வேண்டும். மாதத்துக்கு ஒரு முறையாவது அவர் பாத்தியை வந்து பார்க்கலாம், குறித்த அளவுகளின் நகலைக் கேட்கலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். நான் நட உதவி செய்கிறேன் என்றதை மறுத்தீர்கள். சோதனையில் கை வைக்கக் கூடாது என்ற விதி சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். பார்க்கக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்ள முடியாது.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ரகப் பதிவு விண்ணப்பத்தைத் தமிழில் விளக்கி, நிரப்ப உதவ ஒருவர் வேண்டும். தனி அலுவலகம் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு நாள், தெரிந்த ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். விற்றால் எப்போதிலிருந்து நாள் எண்ணப்படும், எதைச் செய்தால் புதுமை போகும் என்பதை அவர் முதல் நாளே சொல்ல வேண்டும். எனக்கு அதைச் சொல்லியிருந்தால் இரண்டு வருடப் பூ வீணாகியிருக்காது.

எனக்கு நஷ்டஈடு வேண்டாம். அந்த நர்சரி மேல் வழக்கு போடச் சொல்லியும் கேட்கவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் தோட்டத்தில் தாய்ச்செடிகள் நன்றாக இருக்கின்றன. சித்திரையில் கட்டிங் எடுத்து, மணலும் தேங்காய்நார்க் கழிவும் கலந்த ட்ரேயில் ஊன்றிவிடுவோம். ஜூன் முதல் வாரம் வேர் பிடித்த அறுபது நாற்று தயாராக இருக்கும். அதை மறுபடி பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டு வரவும் தயார். எந்தப் பண்ணைக்கு, எந்தத் தேதியில் வர வேண்டும், ரசீதில் யார் கையெழுத்துப் போடுவார் என்பதை மே மாதம் முடிவதற்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ராயக்கோட்டைப் பக்கம் சாமந்தி போடும் ஒரு விவசாயி